நாலு விரல் இடைவெளி

ஜூன் 12

பள்ளி திறந்தாயிற்று. பிரசவ லீவு முடிந்து விசில் மறுபடி கழுத்தில் ஏறியது. காலையில் முகிலுக்குப் பால், மகிழுக்குப் பால், முகில் கக்கியதைத் துடைத்து முடிப்பதற்குள் மகிழ் நனைத்துவிட்டாள். இரட்டைப் பிள்ளை வரம் என்று சொல்கிற ஆட்கள் யாரும் ஒரு நாள் காலை வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. இரண்டையும் அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

கிரவுண்டில் என் ஹாக்கிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஐந்து வருஷம் முன்னால் மட்டை பிடிக்கத் தெரியாமல் விளக்கமாறு மாதிரி வைத்திருந்த பிள்ளைகள். கேப்டன் முத்துப்பேச்சி ஓடிவந்தவள், பாதியில் நின்று என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஹெச்.எம். இந்திராணி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "கனி மிஸ், ஹாக்கி டீமை இப்போதைக்கு மோனிஷாவே பாக்கட்டும். நீங்க ஆறு, ஏழாம் வகுப்பு டிரில் மட்டும் எடுங்க. உடம்பப் பாத்துக்கிடுங்க."

"எனக்கு உடம்புக்கு என்ன மேடம்?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். மாவட்டப் போட்டி ஆகஸ்ட் கடைசியில். மோனிஷா நான் லீவில் இருந்தபோது எனக்குப் பதிலாக வந்தவள். பி.பி.எட். சான்றிதழில் இன்னும் மை காயவில்லை. என் டீமை அவளிடம் தூக்கிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 13

பழைய ட்ராக் பேண்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. கறுப்பில் ரெண்டு புதிதாக வாங்கவேண்டும். கறுப்புதான் வேண்டும்.

ஜூன் 16

பஸ்ஸில் ஒரு பையன் சட்டென்று எழுந்து, "அக்கா, உக்காருங்க" என்றான். பக்கத்து சீட்டு அம்மா, "எத்தனாவது மாசம் தாயி?" என்றார். பிள்ளைகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஒம்பது முடிஞ்சு பத்து நடக்கு" என்றேன்.

அந்த அம்மா பதறிப்போய், "அட கூறுகெட்டவளே, பத்தாம் மாசத்துல பஸ்ல ஏறி எங்க போற? டிரைவரு தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே போனேன். நடக்க நடக்க அழுகை வந்தது, அழவில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன், யாரை என்று தெரியவில்லை.

ஜூன் 18

ஸ்டாஃப் ரூமில் என் மேஜையில் உப்பு, மிளகாய்ப்பொடி தூவின மாங்காய்க் கீற்று. தமிழ் எடுக்கும் செண்பகவல்லி டீச்சர் கண்ணைச் சிமிட்டி, "வாய்க்கு நல்லா இருக்கும் மிஸ், சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடமே நான் மறுபடி முழுகாமல் இருப்பதாக முடிவு கட்டியிருக்கிறது.

நேரே ஹெச்.எம். அறைக்குப் போனேன். "மேடம், நான் மாசமா இல்ல. இது வெறும் வயிறு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படின்னா இன்னும் சங்கடம் மிஸ். மாசமா இருந்தா அதுக்கு ஒரு முடிவு உண்டு. பி.டி. டீச்சர் இப்படி நின்னா பெத்தவங்க என்ன நினைப்பாங்க? பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்கொடுப்பீங்க? சுதந்திர தினத்துக்குள்ள வயித்தக் குறைச்சுட்டு வாங்க. டீம் யாருக்குன்னு அப்ப முடிவு பண்ணுவோம்."

சரி. குறைத்துக் காட்டுகிறேன். நான் பல்கலைக்கழகத்துக்கு ஆடினவள்.

ஜூன் 19

விடிவதற்கு முன் எழுந்து சிட்-அப். எத்தனை குண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து ஓடவைத்திருக்கிறேன். வயிற்றுக்கு சிட்-அப்பை மிஞ்சின மருந்து கிடையாது. தலைக்குப் பின்னால் கை, முழங்கால் மடக்கி, ஏத்து, இறக்கு. பாதியில் மகிழ் அழுதாள். அவளைத் தூக்கி நெஞ்சில் படுக்கவைத்துக்கொண்டு மிச்சத்தை முடித்தேன்.

ஜூன் 27

நேற்றைக்கு மேல் இன்றைக்கு, இன்றைக்கு மேல் நாளைக்கு. சிட்-அப் முடிந்தால் காலைத் தூக்கி இறக்குவது, அது முடிந்தால் பிளாங்க். இடுப்பு வலிக்கிறது. வலிக்கத்தான் செய்யும், வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஆறாம் வகுப்புக்குக் கயிறு தாண்டிக் காட்ட வேண்டியிருந்தது. காட்டவில்லை. மோனிஷாவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். காரணம் எழுதத் தேவையில்லை.

ஜூலை 2

பலன் தெரிய ஆரம்பித்துவிட்டது! சிட்-அப்பில் எழும்போது வயிற்றின் நடுவில் மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்புகிறது. அவரை எழுப்பிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் ஜெயமுருகன் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர், ராத்திரி ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தார்.

"பாருங்க, மசில் வந்துருச்சு."

அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "மசில்னா ரெண்டு பக்கமும்ல வரும்? இதென்ன நடுவுல வருது?"

"உங்களுக்கு என்ன தெரியும்? தூங்குங்க."

பொறாமை. அவருக்குத் தொப்பை இருக்கிறதே, அதுதான்.

ஜூலை 5

மேடு பெரிதாகிறது. வயிறு குறையவில்லை. நாடா வைத்து அளந்தேன், நாடாவைத் தூக்கி எறிந்தேன். முகில் அதைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அத்தை ஆரம்பித்துவிட்டார். "நான் அப்பமே சொன்னேன்ல? பிள்ள பெத்த உடனே சேலைய வச்சு வயித்த இறுக்கிக் கட்டு, கட்டுன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். மூச்சு முட்டுது, அதெல்லாம் பழைய பழக்கம்னு அவுத்து எறிஞ்ச. இப்பப் பாரு, காத்துப் புகுந்து நிக்கி."

"காத்தெல்லாம் புகாது அத்தை."

"அப்ப வேற என்ன புகுந்துச்சு?"

முகில் வாயிலிருந்து நாடாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆத்திரமாக வந்தது.

ஜூலை 7

தோற்றுவிட்டேன். அத்தை தன் நைந்த நூல் சேலையை நாலாக மடித்து வயிற்றில் சுற்றிக் கட்டினார். முழங்காலை என் இடுப்பில் முட்டுக்கொடுத்து இழுத்தார். அதன் மேல் டி-ஷர்ட். கண்ணாடியில் கொஞ்சம் தட்டையாகத்தான் தெரிந்தது. அப்படியே போய் டிரில் எடுத்தேன். "அட்டென்ஷன்" என்று கத்தும்போது மேலே மூச்சு நின்றது, கீழே நிற்க வேண்டியது நிற்கவில்லை. பாட்டில் தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டு, கொட்டிவிட்டது என்று சொன்னேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். மோனிஷா தன் ட்ராக் சூட் மேல்சட்டையை எடுத்துவந்து என் இடுப்பில் கட்டிவிட்டுப் போனாள். அவள் நல்லவளாக இருப்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

ஜூலை 9

தொட்டிலிலிருந்து முகிலைத் தூக்கக் குனிந்தவள் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்று அவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் பிள்ளையை வாங்கினார், பிறகு என்னை வாங்கினார். டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்தார், "வெயிட்டைக் குறைங்கம்மா" என்றார். அதைச் சொல்ல ஃபீஸ். போகிற போக்கில் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார்.

ஜூலை 10

பிசியோதெரபி பெண்ணின் பெயர் நஸ்ரின். சின்னப் பெண், அலட்டல் இல்லை. மல்லாந்து படுக்கச் சொன்னாள், முழங்காலை மடக்கச் சொன்னாள். "தலைய மட்டும் லேசாத் தூக்குங்கக்கா." தூக்கினேன். தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்தினாள். ஒரு விரல், ரெண்டு விரல் என்று சேர்த்துக்கொண்டே போனாள். நாலு விரலும் உள்ளே இறங்கின. என் வயிற்றுக்குள் ஒரு அந்நியக் கை. இரண்டு பக்கமும் கயிறு மாதிரி விறைப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை, மெத்தென்று.

"என்ன வேலக்கா பாக்குறீங்க?"

"பி.டி. டீச்சர்."

"சிட்-அப் எடுத்தீங்களா?"

பெருமையாகத் தலையாட்டினேன். அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "அய்யோ அக்கா."

ஒரு படத்தைக் காட்டினாள். வயிற்றின் முன்னால் விலா எலும்பிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை நேராக ரெண்டு பட்டைத் தசை. சிட்-அப்பில் சுருங்குவது அதுதான். ரெண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு நார்க்கோடு, அது தசையே இல்லை. பக்கவாட்டில் மூன்று அடுக்கு. மேல் அடுக்கு, பேண்ட் பாக்கெட்டில் கை விடுகிற திசையில் சரிந்து ஓடும். அதற்கு அடியில் இருப்பது அதற்கு நேர் எதிராகச் சரியும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று, இடுப்பைச் சுற்றிக் கட்டின பெல்ட் மாதிரி குறுக்கே ஓடும். இந்த அத்தனை அடுக்கும் முன்னால் வந்து சேர்கிற இடம் அந்த வெள்ளைக்கோடுதான்.

"ரெட்டப் பிள்ள இருந்த வயிறுக்கா. கோடு இழுபட்டு அகண்டுபோச்சு. ரெண்டு பட்டையும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிருச்சு. தையல் பிரியல, துணி இழுபட்டு மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். நீங்க சிட்-அப் எடுத்தா உள்ள இருக்க குடல் அந்த மெலிஞ்ச துணிய முட்டி வெளிய தள்ளும். நடுவுல மேடா எழும்பிருக்குமே?"

"அது மசில்னு நினைச்சேன்."

"அதுதான் குடல்."

விடிகிறதற்கு முன்னால் எழுந்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, என் குடலை நானே வெளியே தள்ளியிருக்கிறேன். வீட்டுக்காரரை எழுப்பி வேறு காட்டியிருக்கிறேன்.

"இருமினா, தும்மினா, ஓடினா யூரின் கசியுதாக்கா?"

"இல்ல," என்றேன்.

ஜூலை 11

நஸ்ரின் கொடுத்த பயிற்சியை எழுதுகிறேன். மல்லாந்து படுக்கவேண்டும். மூச்சை மெதுவாக விடவேண்டும். விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுக்கவேண்டும், அந்த பெல்ட் தசை இறுகுவது விரலுக்குத் தெரியும். அவ்வளவுதான். எழும்போது நேராக எழாமல், ஒரு பக்கம் புரண்டு கையை ஊன்றி எழவேண்டும். கனம் தூக்கக்கூடாது, குதிக்கக்கூடாது.

இதுக்குப் பேர் எக்சர்சைஸா? வியர்க்கக்கூட இல்லை. இதைச் செய்து சுதந்திர தினத்துக்குள் எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். "குறையுமான்னு கேக்காதீங்க, பலம் வருமான்னு கேளுங்க. மாசக்கணக்கு ஆகும்" என்றாள். மாசக்கணக்கு ஆகுமாம். அதற்குள் மோனிஷா என் டீமோடு மாவட்டம் முடித்துவிடுவாள்.

ஜூலை 15

மூச்சு விட்டேன்.

ஜூலை 16

மூச்சு விட்டேன். பக்கத்தில் மகிழ் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இது விளையாட்டு.

ஜூலை 20

நஸ்ரினிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். "அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, ஓடினா, தும்மினான்னு. ஆமா. பிள்ள பெத்ததுலருந்து. ஒவ்வொரு நாளும்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டேன். அவள், "சொல்றதுக்கு இத்தன நாளாச்சேன்னு வருத்தப்படாதீங்க. சொல்லாமலே வயசாயிப்போறவங்கதான் ஜாஸ்தி" என்றாள். மேலே பெல்ட் மாதிரி ஒரு தசை இருப்பது போல, கீழே இடுப்பெலும்புக்குள் ஏணைத் தொட்டில் மாதிரி ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறதாம். ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். மேலே சேலையை வைத்து இறுக்கினால் கீழே பாரம் கூடும். அன்றைக்கு டிரில் வகுப்பில் நடந்ததற்கு இப்போது அர்த்தம் புரிந்தது.

அத்தையிடம் வந்து சொன்னேன். "அப்ப என் சேலையத் திருப்பித் தா" என்றார்.

ஜூலை 29

மோனிஷா வந்து, "மிஸ், பெனால்டி கார்னர்ல நம்ம பிள்ளைங்க நிக்கிற இடம் சரியா இல்ல. நீங்க வந்து சொல்லித்தாங்களேன்" என்றாள். "ஹெச்.எம்.கிட்ட போய்க் கேளு, அவங்க சொல்லித் தருவாங்க" என்றேன். முகம் சுண்டிப்போய்ப் போனாள்.

சாயங்காலம் பக்கத்து ஸ்கூலோடு நட்பு ஆட்டம். வேலியோரம் நின்று பார்த்தேன். நாலு கோல் வாங்கித் தோற்றார்கள், நாலும் பெனால்டி கார்னரில். முதல் கோலுக்குச் சந்தோஷப்பட்டேன். நாலாவது கோலுக்கு முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்து மட்டையால் மண்ணை அடித்தாள். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆகஸ்ட் 6

நஸ்ரின் அளந்தாள். இப்போது மூன்று விரல்தான் இறங்குகிறது, அதுவும் அடியில் விறைப்பு தெரிகிறதாம். கண்ணாடியில் பார்த்தால் அதே வயிறு. கடைக்காரர் இன்றைக்கும், "ஸ்கேன் பாத்தாச்சாம்மா?" என்றார். வாங்கின பருப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் பருப்பு வேண்டுமே என்று திரும்பிப் போய் வாங்கினேன்.

ஆகஸ்ட் 8

தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை. மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்து மோந்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை தும்மினேன். ஒன்றுமே ஆகவில்லை! அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் 14

நாளைக்குக் கொடியேற்றம். கடைசி பெல் அடித்ததும் ஹெச்.எம். கூப்பிட்டார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியேதான் இருக்கீங்க மிஸ்."

சொன்னேன். ரெண்டு பட்டை, நடுவில் வெள்ளைக்கோடு, பக்கத்தில் மூன்று அடுக்கு, எல்லாம் சொன்னேன். நான் ஓடிக் காட்டத் தேவையில்லை, ஓரத்தில் நின்று ஆட்டத்தை நடத்தினால் போதும், ஓடுவதற்கு மோனிஷா இருக்கிறாள் என்று சொன்னேன். மேடம் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிள்ள பெத்த எல்லாருக்கும் வயிறு போடத்தான் செய்யும். எனக்கும்தான் இருக்கு. மூணு பெத்துருக்கேன். நான் அதுக்கு ஒரு வியாதிப் பேரு வச்சிக்கிட்டுத் திரியலையே? டீம் மோனிஷாவுக்குத்தான். நாளைக்கு மேடையில சொல்லிருவேன்."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"படுங்க மேடம்."

"என்னது?"

"அந்த பெஞ்சுல படுங்க. ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் டீமை யாருக்கு வேணும்னாலும் குடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், பெற்றோர் உட்காரும் அந்த நீள பெஞ்சில் போய்ப் படுத்தார். முழங்காலை மடக்கச் சொன்னேன். சேலைக்கு மேலேயே தொப்புளுக்கு மேல் விரலை வைத்தேன். "தலைய மட்டும் தூக்குங்க."

நாலு விரலும் இறங்கின. இன்னொரு கையும் வைக்க இடமிருந்தது.

அவர் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். அவர் விரல்களும் உள்ளே போயின. தலையை இறக்கினார், மறுபடி தூக்கினார், மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"கடைக்குட்டிக்கு இருபத்துமூணு வயசு," என்றார் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே. "அவ பிறந்ததுலருந்து ஒரு பீரியட் முழுசா நின்னு பாடம் எடுத்ததில்ல நான். இடுப்பு விட்டுப்போவும். பெல் அடிக்கிறதுக்குள்ள பாத்ரூமுக்கு ஓடணும். கணக்குப் பாடம்னா எனக்கு உசுரு மிஸ். உக்காந்து பாக்கிற வேலை வேணும்னுதான் இந்தச் சீட்டுக்கு அலைஞ்சேன். எங்க வீட்டுக்காரர் வயித்தப் பாத்துக் கிண்டல் பண்ணுவாரு. நானும் சேந்து சிரிப்பேன். தின்னுதின்னு வந்த தொப்பைன்னே நினைச்சிட்டேன்."

கண்ணோரத்தில் வழிந்து காதுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை.

வெளியே மைதானத்தில் மோனிஷாவின் விசில் கேட்டது. பெனால்டி கார்னருக்குப் பிள்ளைகளை நிறுத்துகிறாள் போல. தப்பாகத்தான் நிறுத்துவாள்.

கை கொடுத்துப் பக்கவாட்டில் புரட்டி எழுப்பப் போனேன். மேடம் வேண்டாம் என்று தலையாட்டினார். கையை வயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை.

"நான் கொஞ்ச நேரம் இப்படியே படுத்துருக்கேன்," என்றார். "நீங்க போயி உங்க டீமைப் பாருங்க."

கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினேன். பியூன் எட்டிப் பார்த்தார். மேடம் முக்கியமான வேலையில் இருக்கிறார், யாரையும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு கிரவுண்டுக்கு நடந்தேன்.